தேங்காய் மெழுகும் சித்திரை வெயிலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

மார்கழி மாதத்து விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால், குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழுவதில்லை. தேங்காயெண்ணெய் வெண்ணெய்போல் உறைந்து கிடக்கும். வெயில் படும் திண்ணையில் சற்று நேரம் வைத்தால் பழையபடி எண்ணெயாகிவிடும். குழந்தைப் பருவம் முதல் நாம் எல்லோரும் இதைக் கண்டு வந்திருக்கிறோம். ஆனால் 'ஏன்?' என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைத்தது 9,600 ரூபாய் நட்டம்.

நட்டம் வந்த கதை

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்கு அருகில் உள்ளது. திரும்பிய பக்கமெல்லாம் தென்னந்தோப்பு. என் தாயார் தோப்பு வேலைக்கும், ஆண்டில் சில மாதங்கள் கொப்பரைக் களத்துக்கும் செல்பவர். அவர் சேர்ந்துள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். சென்ற ஆண்டு அவர்களுக்கு மணமெழுகு செய்யும் பயிற்சி இரண்டு நாள்கள் அளிக்கப்பட்டது.

கடைகளில் 'வாக்ஸ் மெல்ட்' என்று விற்கப்படுவதைத்தான் இங்கே மணமெழுகு என்று எழுதுகிறேன். இது மெழுகுவத்தி அன்று. இதற்குத் திரி கிடையாது. மணத் தைலம் கலந்து வார்த்த சிறு வில்லை. பீங்கான் கிண்ணத்தில் இட்டு, அடியில் சிறு விளக்கொன்றை ஏற்றி வைத்தால், வில்லை உருகி அறை மணக்கும். மெழுகு எரிந்து தீருவதில்லை; மணம் மட்டுமே வெளியேறுகிறது.

தேங்காய் விளையும் ஊரில் தேங்காய் மெழுகிலேயே செய்வோம் என்று குழுவினர் முடிவு செய்தனர். கரூரில் நடக்கும் ஒரு திருமணத்துக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க 150 பெட்டிகள் வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். பெட்டிக்கு 6 வில்லை. ஆக 900 வில்லைகள். நான்கு இரவுகள் கண்விழித்து வார்த்தார்கள். விடிந்ததும் பார்த்தால் அத்தனையும் பால்போல் வெண்மையாக, விளிம்பு உடையாமல் இருந்தன. மூடிய வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அது சித்திரை மாதம். நண்பகலில் கரூரில் இறக்கியபோது பெட்டிகளின் அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. வில்லை என்று சொல்ல உள்ளே ஒன்றுமில்லை. சரக்குத் திரும்பி வந்தது, பணம் வரவில்லை. பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு 800 ரூபாய் கடன் மிஞ்சியது.

பணம் போனதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. மெழுகை உருக்கி வார்த்தவர் ஓர் அக்கா. 'அவள் கைப்பக்குவம் சரியில்லை. சரியாகக் காய்ச்சவில்லை' என்று பேச்சு எழுந்தது. அந்த அக்கா குழுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் இரவு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் அம்மிணி, நீ படிக்கற படிப்புல இதுக்கு ஒரு வழி இருக்காதா?"

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டுத் தேர்வில் கேட்ட எந்த வினாவும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. "பார்க்கறேம்மா" என்றேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

மெழுகா, கொழுப்பா?

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வேதியியலில் மெழுகு என்பது நீண்ட சங்கிலி கொண்ட ஓர் ஆல்கஹாலும் நீண்ட சங்கிலி கொண்ட ஓர் அமிலமும் சேர்ந்த எஸ்டர். தேன்மெழுகு இவ்வகையைச் சேர்ந்தது. பிரேசில் நாட்டுப் பனை இலைகளின் மேல் படியும் கார்னாபா மெழுகும் பெரும்பாலும் இவ்வகையே. மெழுகுவத்திக்குப் பயன்படும் பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஹைட்ரோகார்பன்களின் கலவை.

தேங்காய் மெழுகு இவற்றுள் எதிலும் சேராது. அது கொழுப்பு. ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த ட்ரைகிளிசரைடு. தேங்காயெண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அதன் உருகுநிலையைச் சற்று உயர்த்தியதே கடையில் கிடைக்கும் தேங்காய் மெழுகின் அடிப்படை. உற்பத்தியாளர்கள் பலர் வேறு மெழுகுகளையும் கலந்து இதே பெயரில் விற்கிறார்கள். எங்கள் குழு வாங்கியது கலப்பில்லாத வகை. நல்ல சரக்கு, ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற சரக்கு அன்று.

எண்ணெயின் உள்ளே

ஒரு கொழுப்பு எந்த வெப்பநிலையில் உருகும் என்பதை அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றின் உருகுநிலைகளை வரிசையாகப் பாருங்கள்:

கேப்ரிலிக் அமிலம் (8 கார்பன்) – 17°செ
கேப்ரிக் அமிலம் (10 கார்பன்) – 32°செ
லாரிக் அமிலம் (12 கார்பன்) – 44°செ
மிரிஸ்டிக் அமிலம் (14 கார்பன்) – 54°செ
பால்மிடிக் அமிலம் (16 கார்பன்) – 63°செ
ஸ்டியரிக் அமிலம் (18 கார்பன்) – 69°செ
ஒலியிக் அமிலம் (18 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு) – 13°செ

இந்த வரிசை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சங்கிலி நீள நீள உருகுநிலை உயர்கிறது. நீண்ட மூலக்கூறுகள் அருகருகே படுக்கும்போது ஒன்றையொன்று தொடும் இடம் அதிகம். வாண்டர்வால்ஸ் கவர்ச்சி விசையும் அதற்கேற்ப அதிகம். ஆகவே பிரிக்க அதிக வெப்பம் தேவை. இரண்டாவது, 18 கார்பன் இருந்தும் ஒலியிக் அமிலம் 13 பாகையிலேயே உருகிவிடுகிறது. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் அதன் சங்கிலி வளைந்திருப்பதே காரணம். நேரான விறகுகளை நெருக்கமாக அடுக்கலாம்; கோணல் விறகை அடுக்க முடியுமா?

அப்படியானால் ஒரு கொழுப்பு மென்மையாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதன் சங்கிலிகள் வளைந்திருக்கலாம். அல்லது, அவை குட்டையாக இருக்கலாம். தேங்காயெண்ணெய்க்கு எது காரணம்?

இதற்கு விடை சொல்ல இரண்டு எண்கள் நம்மிடம் உள்ளன. அயோடின் எண் இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும். நிலக்கடலை எண்ணெயின் அயோடின் எண் ஏறத்தாழ 85 முதல் 100 வரை. தேங்காயெண்ணெய்க்கோ 10-ஐ ஒட்டியே நிற்கிறது. அதாவது, வளைந்த சங்கிலிகள் அதில் மிகக் குறைவு. சோப்பாக்கல் எண் என்பது ஒரு கிராம் கொழுப்பைச் சோப்பாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் அளவு, மில்லிகிராமில். சங்கிலி குட்டையானால் ஒரு கிராமில் அடங்கும் மூலக்கூறுகள் அதிகம்; காரமும் அதிகம் செலவாகும். நிலக்கடலை எண்ணெய்க்கு இது 190 அளவில் இருக்க, தேங்காயெண்ணெய்க்கு 250-க்கும் மேல்!

ஆக, விடை தெளிவு. தேங்காயெண்ணெயின் சங்கிலிகள் நேரானவை, ஆனால் குட்டையானவை. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமே. அதனினும் குட்டையான கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்களும் உண்டு. ஸ்டியரிக் அமிலம் மிகச் சொற்பம். அதனால்தான் அது 24 அல்லது 25 பாகையில் உருகிவிடுகிறது. மார்கழிக் காலையின் குளிர் அதற்குக் கீழே இறங்குகிறது, எண்ணெய் உறைகிறது. வெயில் ஏறினால் உருகுகிறது. திண்ணையில் வைத்த குப்பியின் புதிர் இவ்வளவே.

ஹைட்ரஜன் ஏன் கைகொடுக்கவில்லை?

எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜனேற்றம் என்னும் முறை உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். நிக்கல் போன்ற உலோகங்களை வினையூக்கியாகக் கொண்டு இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பால் சபாட்டியே 1912-ல் நோபல் பரிசு பெற்றார். ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902-லேயே இதனை நீர்மக் கொழுப்புகளுக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றிருந்தார். நம் நாட்டு வனஸ்பதி இதன் பயன்தான். வளைந்த சங்கிலி நேராகிறது. எண்ணெய் நெய்போல் உறைகிறது.

ஆனால் நேராக்க வேண்டிய கோணல் விறகு நிறைய இருந்தால்தானே இம்முறைக்கு வேலை? தேங்காயெண்ணெயில் நிறைவுறாத அமிலங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவை அனைத்தையும் நேராக்கிவிட்டாலும், குட்டைச் சங்கிலி குட்டையாகவே இருக்கும். முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்தாலும் தேங்காயெண்ணெயின் உருகுநிலை 35 பாகையைச் சுற்றியே நின்றுவிடுகிறது.

அறையின் வெப்பம் 20 பாகையாக உள்ள குளிர் நாட்டில் இது போதும். அங்கே எழுதிய செய்முறையை நாம் அப்படியே கைக்கொண்டால் என்ன ஆகும்? கரூர்ப் பக்கம் சித்திரையில் நிழலிலேயே 40 பாகை தாண்டுவது வழக்கம். மூடிய வேனுக்குள் இன்னும் கூடுதல். 35 பாகையில் உருகும் பொருளை அங்கே கொண்டுபோய் இறக்கினால், அதை யார் வார்த்திருந்தாலும், எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சியிருந்தாலும் உருகத்தான் செய்யும். குற்றம் அந்த அக்காவின் கையில் இல்லை. கார்பன் சங்கிலியின் நீளத்தில் இருந்தது.

மெழுகுவத்திகளிலும் தேங்காய் மெழுகு பயன்படுகிறதே என்றால், அவை பெரும்பாலும் கண்ணாடிக் குவளைக்குள் வார்க்கப்படுபவை. மெழுகு இளகினாலும் குவளை தாங்கிக்கொள்ளும். மணமெழுகு வில்லை தன் காலிலேயே நிற்க வேண்டும். ஆகவே அதற்கு உறுதியை வெளியிலிருந்து கடன் வாங்கியே தீர வேண்டும். யாரிடம்? நீண்ட சங்கிலி உடையவர்களிடம்.

1840-ல் கிடைத்த விடை

நான் கண்டதாக நினைத்த இந்த விடையை வேறு சிலர் வெகு காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள் என்று நூலகத்தில் படித்தபோது ஏமாற்றமும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாயின.

கொழுப்பு என்பது கிளிசராலும் அமிலங்களும் சேர்ந்தது என்று காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரல். விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823-ல் வெளிவந்தது. 1825-ல் அவரும் கே-லுசாக்கும் சேர்ந்து ஸ்டியரிக் அமிலத்தில் மெழுகுவத்தி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அதுவரை ஏழைகள் வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு வத்தி. அது புகையும், நாறும், அடிக்கடி திரியைக் கத்தரிக்க வேண்டும்.

இலண்டனில் 1830-ல் தொடங்கிய பிரைஸ் என்னும் மெழுகுவத்தி நிறுவனம், தேங்காயெண்ணெயைக் குளிர்வித்துப் பிழிந்து, உறைந்து நிற்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து வத்தி செய்ய முயன்றது. அதற்காக இலங்கையில் தென்னந்தோப்பும் வாங்கியது. ஆனால் தேங்காய்க் கொழுப்பு மட்டும் போதுமான உறுதியைத் தரவில்லை. 1840-ல் விக்டோரியா அரசியின் திருமணத்தை ஒட்டி வீடுகளின் சன்னல்களில் விளக்கேற்றும் வழக்கத்துக்காக, தேங்காயின் கெட்டிப் பகுதியோடு ஸ்டியரிக் அமிலத்தைக் கலந்து ஒரு வத்தியை அந்நிறுவனம் செய்தது. 'கூட்டு மெழுகுவத்தி' என்று பொருள்படும் பெயரில் விற்ற அது விலையில் மலிவு. திரியைக் கத்தரிக்க வேண்டியதும் இல்லை. மக்கள் விரும்பி வாங்கினர்.

அங்கும் ஒரு திருமணம். இங்கும் ஒரு திருமணம். அவர்கள் கலந்தார்கள், நாங்கள் கலக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

கலவையின் கணக்கு

கலப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. 35 பாகையில் உருகுவதையும் 69 பாகையில் உருகுவதையும் சம அளவில் கலந்தால் 52 பாகையில் உருகும் என்று நான் முதலில் கணக்குப் போட்டேன். இது பாலும் தண்ணீரும் கலக்கும் கணக்கு அன்று. கரிம வேதியியல் செய்முறையில் நாம் செய்வதை நினைவுகூருங்கள். சின்னமிக் அமிலத்தின் உருகுநிலை 133 பாகை. யூரியாவினுடையதும் ஏறத்தாழ அதுவே. இரண்டையும் சேர்த்து அரைத்து நுண்குழாயில் இட்டுப் பார்த்தால் 133-க்கு வெகு முன்பே உருகிவிடும். ஒன்று மற்றொன்றின் படிக ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. கடையில் விற்கும் ஸ்டியரிக் அமிலமே இதற்குச் சான்று. அதில் பால்மிடிக் அமிலமும் நிறைய உண்டு. தனித்தனியே 69, 63 பாகைகளில் உருகும் இவ்விரண்டும் சேர்ந்ததும் 55 பாகையை ஒட்டி உருகுகின்றன!

பின் கலப்பதால் உறுதி எப்படி வருகிறது? 40 பாகையில் தேங்காய்க் கொழுப்பு நீர்மமாகிவிடும். ஆனால் ஸ்டியரிக் அமிலமும் தேன்மெழுகும் அதில் ஓரளவுக்கே கரையும். கரையாத பகுதி நுண்ணிய படிகங்களாக ஒன்றோடொன்று பின்னி, வலைபோல் நிற்கும். அந்த வலையின் கண்களுக்குள் எண்ணெய் சிக்கி நிற்கிறது. எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவுக் கட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டி முழுதும் நீர் இருந்தாலும் அது ஒழுகுவதில்லை. நார் பிடித்து வைத்திருக்கிறது. நார் குறைந்தால் ஒழுகும். வலை குறைந்தால் வில்லை வியர்க்கும்.

ஆய்வகத்தில் கண்டது

எங்கள் துறைத் தலைவர் அவர்கள் மாலை வேளைகளில் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி தந்தார்கள். ஆடி மாதக் காற்றில் பொள்ளாச்சி குளிர்ந்திருக்கிறது. சித்திரை வெயிலுக்கு எங்கே போவது? 42 பாகையில் நிறுத்திய ஆய்வகச் சூடடுப்பைச் சித்திரையாகக் கொண்டேன். ஒவ்வொரு கலவையிலும் 100 கிராம் செய்து, மூன்று வில்லைகளை வடிதாளின்மேல் வைத்து, ஆறு மணி நேரம் உள்ளே விட்டேன். வில்லை வடிவம் மாறியதா, கட்டைவிரல் பதிகிறதா, தாளில் எண்ணெய்க் கறை எவ்வளவு என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்.

குழு வாங்கிய தேங்காய் மெழுகின் உருகுநிலையையும் பார்த்தேன். இருபுறமும் திறந்த நுண்குழாயில் கொழுப்பை ஏற்றி உறையவிட்டு, வெப்பமானியோடு கட்டி, முகவை நீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றினால், ஒரு வெப்பநிலையில் கொழுப்பு இளகிக் குழாயில் மேலே நழுவும். நழுவியது 35 பாகையில்! ஏட்டில் படித்த எண் கண்முன்னே எழுந்து வந்ததுபோல் இருந்தது.

முதற் கலவை: தேங்காய் மெழுகு 90, ஸ்டியரிக் அமிலம் 10. காலையில் கல்போல் இருந்தது, சூடடுப்பில் கூழாகிவிட்டது. காலையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது முதற் பாடம்.

இரண்டாவது: தேங்காய் மெழுகு 70, ஸ்டியரிக் அமிலம் 30. உறுதி வந்தது. ஆனால் மேலே வெள்ளைப் பூப்போல் படிகங்கள் படர்ந்தன. அச்சிலிருந்து எடுக்கும்போதே சில உடைந்தன. ஸ்டியரிக் அமிலம் உறுதி தரும், வளைந்து கொடுக்காது.

மூன்றாவது: தேங்காய் மெழுகு 70, தேன்மெழுகு 30. உடையவில்லை, வழவழப்பும் இருந்தது. ஆனால் அச்சை விட்டு வர மறுத்தது. தேனின் மணம் மற்ற மணத்தை அமுக்கியது. தேன்மெழுகின் விலையும் குழுவுக்குக் கட்டுப்படியாகாது.

நான்காவது: தேங்காய் மெழுகு 65, ஸ்டியரிக் அமிலம் 20, தேன்மெழுகு 15. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்தது. வடிவம் நின்றது. ஆனால் தாளில் நாலணா அளவுக்கு எண்ணெய்க் கறை.

ஐந்தாவது: தேங்காய் மெழுகு 50, ஸ்டியரிக் அமிலம் 25, தேன்மெழுகு 20, கார்னாபா மெழுகு 5. கார்னாபா 82 பாகைக்கு மேல் உருகுவது. சிறிதளவே பெரிய வேலை செய்யும். ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் வடிவம் மாறவில்லை. கட்டைவிரலை அழுத்தினால் மட்டும் இலேசாகப் பதிந்தது. தாளின் ஓரத்தில் மெல்லிய கறை. இதையே தேர்ந்தேன்.

மணத் தைலமும் எண்ணெய்தான் என்பதை மறக்கக் கூடாது. அது கூடினால் வில்லை இளகும். 100 கிராம் மெழுகுக்கு 10 கிராம் இட்டபோது ஐந்தாவது கலவையும் வியர்த்தது. 6 கிராம் இட்டபோது தாங்கியது. மணம் மிக வேண்டுமென்று அளவை மீறினால் உறுதி போகும்.

செய்யும் முறை

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை இவை.

மெழுகைத் தீயின்மேல் நேராக வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அதனுள் சிறு பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். முதலில் கார்னாபாவையும் ஸ்டியரிக் அமிலத்தையும் முழுதும் உருக்கி, பிறகு தேன்மெழுகு, கடைசியில் தேங்காய் மெழுகு என்று சேர்க்கலாம். உருகிய மெழுகில் ஒரு சொட்டு நீரும் விழக் கூடாது. தவறித் தீப்பிடித்தால் நீரை ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தீயிலிருந்து தள்ளி வைத்த பின்னரே மணத் தைலம் சேர்க்க வேண்டும். நீலகிரித் தைலம் போன்றவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். மெழுகு 75 பாகைக்கு இறங்கியதும் தைலத்தை விட்டு இரண்டு நிமிடம் மெல்லக் கிளறி, 70 பாகையில் அச்சில் வார்க்கலாம்.

வார்த்தவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதால் பயனில்லை. அவசரமாக உறையும் கொழுப்பு ஒழுங்கற்ற படிகங்களாகவே உறையும். அறையிலேயே ஆறவிட்டு நான்கைந்து நாள்கள் மூடி வைத்தால், மூலக்கூறுகள் மெல்ல மெல்ல நெருக்கமான வரிசைக்கு மாறி வில்லை இன்னும் இறுகும். வார்த்த மறுநாளே வேனில் ஏற்றியதும் எங்கள் பிழைகளுள் ஒன்று.

இவ்வில்லை உருகக் கூடுதல் வெப்பம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த சூடு தரும் மின்விளக்குக் கிண்ணத்தில் இது மெல்லத்தான் உருகும். அடியில் சிறு மெழுகு விளக்கு வைக்கும் கிண்ணமே ஏற்றது. உறுதியைக் கூட்டினால் உருகும் எளிமை குறையும். இரண்டையும் முழுதாகப் பெற வழியில்லை.

பெயர்ச்சீட்டில் எதை எழுதுவது?

ஐந்தாவது கலவையைக் குழுக் கூட்டத்தில் வைத்தபோது எழுந்த விவாதம் நான் எதிர்பாராதது. பாரஃபினைக் கலந்தால் செலவு இன்னும் குறையுமே என்றார் ஒருவர். உண்மைதான், பாரஃபின் மலிவு, உறுதியும் தரும். கலப்பது குற்றமும் அன்று. ஆனால் பெட்டியில் 'சுத்தமான தேங்காய் மெழுகு' என்று அச்சிட்டிருக்கிறதே, அதை என்ன செய்வது? நம் கலவையிலேயே தேங்காய் பாதிதானே?

ஸ்டியரிக் அமிலத்தைப் பற்றியும் கேள்வி வந்தது. அது பனையெண்ணெயிலிருந்தும் கிடைக்கும். விலங்குக் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும். பூசை அறையில் வைப்பவர்கள் உண்டு. ஆகவே தாவர வழியில் வந்ததா என்று கேட்டு, எழுத்தில் பெற்ற பிறகே வாங்குவது என்று முடிவாயிற்று. பெயர்ச்சீட்டில் நான்கு பொருள்களின் பெயரையும் அளவையும் எழுதுவது என்றும் முடிவு செய்தார்கள். 'சுத்தமான' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். விற்பனை குறையுமோ என்ற அச்சம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. சொன்னதும் உள்ளிருப்பதும் ஒன்றாக இருந்தால் மீண்டும் வாங்க வருவார்கள் என்பது என் தாயாரின் எண்ணம்.

அந்தக் கூட்டத்துக்கு வார்த்த அக்காவையும் அழைத்து வந்திருந்தோம். 35 பாகைக் கணக்கை அனைவர் முன்னும் சொன்னேன். வீட்டிலிருந்து கொண்டுபோன வெப்பமானியை வெந்நீரில் வைத்து, பழைய வில்லை ஒன்றைப் போட்டு, 35-ஐ எட்டியதும் அது இளகுவதைக் காட்டினேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து அந்த அக்காதான் வாய் திறந்தார்: "அப்ப நான் காய்ச்சினது சரிதானுங்களே?" சரிதான் என்றேன். கார்த்திகையில் 20 பெட்டிகள் வார்த்தது அவர்தான்.

நிறைவாக

நண்பர்களே! ஆய்வகச் சூடடுப்பு சித்திரை ஆகாது என்பதை நான் அறிவேன். அந்த 20 பெட்டிகளில் 18 விற்றுவிட்டன. மீதி இரண்டை எங்கள் மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல் வைத்திருக்கிறோம். இம்மலர் உங்கள் கையில் தவழும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். நமக்குப் பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் அதே நாள்களில் அந்த வில்லைகளுக்கும் தேர்வு நடக்கும். அவை தேறினால் குழு அடுத்த கடனுக்கு மனு செய்யும். தேறாவிட்டால் நான் மீண்டும் ஆய்வகத்துக்குச் செல்வேன்.

உருகுநிலை என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு மதிப்பெண்ணுக்கு நாம் எல்லோரும் விடை எழுதிவிடுவோம். அந்த இரண்டு மதிப்பெண் விடைக்குள் பன்னிரண்டு பேரின் கடனும், ஒருவரின் நற்பெயரும் அடங்கியிருந்தது என்பதை எனக்குச் சித்திரை வெயில் கற்றுக் கொடுத்தது. நாம் படிப்பவற்றை நம் வீட்டுத் திண்ணைவரை கொண்டு செல்வோம். அங்கே நமக்காகக் கேள்விகள் காத்திருக்கின்றன.